வானோட்டியின் ஆயத்தமும் தாய்மொழியும்



இப்பொதுச்சொற்பொழிவு வரிசையில் இலக்கியம் கற்றோரும் இலக்கணம் கற்பிப்போரும் உரையாற்றக் கேட்டு மகிழ்ந்திருக்கிறேன். நான் அவ்விரு வகையிலும் சேராதவன். சிறிய வானூர்தியைத் தனிப்பட்ட முறையில் ஓட்டுவதற்குரிய விமானி உரிமம் பெற்றவன் என்பதே என் தகுதி. அவ்வுரிமத்தைப் பெறப் பன்னாட்டு விதிகளின்படி பொதுவாகக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். நான்கு பேர் அமரும் ஒற்றை எஞ்சின் வானூர்தியே நான் அறிந்த உலகம். அடுத்த மாதம் கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள பயிற்சி நிலையம் ஒன்றில், போயிங் 737-800 பயணிகள் விமானத்தின் பாவனைப் பொறியில் இரண்டு மணி நேரம் அமரும் வாய்ப்பு எனக்குக் கிட்டியுள்ளது. அதற்காகச் சில வாரங்களாக ஆயத்தம் செய்து வருகிறேன். அந்த ஆயத்தத்தில் தமிழ் எனக்கு எங்கே கை கொடுத்தது, எந்த இடத்தில் அது விலகி நிற்க வேண்டும் என்று நான் கற்றேன் என்பதையே இவ்வுரையில் உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

பாலிக் புலாவ் என்னும் மலாய்ப் பெயருக்குத் தீவின் பின்புறம் என்று பொருள். மலைத்தொடருக்கு அப்பால் பாயான் லெப்பாஸ் வானூர்தி நிலையம் உள்ளது. அது 1935ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இன்று அதன் ஓடுதளம் 3,352 மீட்டர் நீளமுடையது. சாதிக்காயும் கிராம்பும் டுரியானும் விளையும் நம் தோட்டங்களில் நின்று அண்ணாந்து பார்த்து வளர்ந்த பிள்ளைகள் பலர். அவர்களுள் நானும் ஒருவன்.

பழந்தமிழில் வானூர்தி

வானூர்தி பற்றித் தமிழ் மேடையில் பேசுவோர் புறநானூற்றைத் தொடாமல் செல்வதில்லை. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய 27ஆம் பாட்டில், ஓட்டுநன் செலுத்தாமலே செல்லும் வான ஊர்தி பேசப்படுகிறது. நற்செயல் செய்து புகழ் ஈட்டியோர் மறுமையில் பெறும் ஊர்தி அது. இதனைக் கொண்டு நம் முன்னோர் விமானம் கட்டினர் என்று முழங்குவோரும் உளர். பாட்டு அப்படிக் கூறவில்லை. நமக்கு அது தரும் செல்வம் சொற்செல்வம். வான் என்பதையும் ஊர்தி என்பதையும் சேர்த்துப் பார்க்கும் துணிவும், ஊர்தியைச் செலுத்துவோனுக்கு வலவன் என்ற பெயரும் நம்மிடம் பழமையாகவே உள்ளன. கலம் செலுத்துவோனுக்கு மீகாமன் என்ற சொல்லும் உண்டு. சொல் இருந்தால் மட்டும் கலை வந்துவிடாது. ஆனால் கலையைக் கற்க வருபவனுக்குச் சொல் ஒரு பிடிமானம்.

பாவனைப் பொறி

பாவனைப் பொறி என்பது என்ன? அமெரிக்காவில் இசைக்கருவித் தொழிற்கூடம் நடத்திய குடும்பத்தில் பிறந்த எட்வின் லிங்க் என்பவர், ஆர்கன் வாத்தியத்தின் காற்றுத்துருத்திகளைப் பயன்படுத்தி, தரையில் நின்றபடியே சாயவும் திரும்பவும் கூடிய சிறிய பயிற்சிப் பெட்டி ஒன்றை 1929ஆம் ஆண்டளவில் உருவாக்கினார். தொடக்கத்தில் அதைக் கேளிக்கைப் பூங்காவின் விளையாட்டுப் பொருளாகவே உலகம் கருதியது. 1934இல் அமெரிக்கப் படை விமானிகள் அஞ்சல் சுமக்கும் பணியில் ஈடுபட்டு, மேகத்திலும் இருளிலும் வழி தவறி அடுத்தடுத்து உயிரிழந்தனர். அதன் பின்னரே படைத்துறை அப்பெட்டிகளில் ஆறினை வாங்கியது. விளையாட்டுப் பொருள் பாடசாலையாயிற்று.

இன்றைய முழுமைப் பாவனைப் பொறி ஆறு கால்களின்மீது நிற்கும் ஓர் அறை. உள்ளே இருப்பது விமானத்தின் முன்னறையே. ஒவ்வொரு விசையும் நெம்புகோலும் உண்மை விமானத்தில் உள்ள இடத்திலேயே உள்ளது. அவ்வறை நம் உடலை ஏமாற்றும் முறை வியப்புக்குரியது. உண்மை விமானம் ஓடுதளத்தில் விரையும்போது நம் முதுகு இருக்கையில் அழுந்துகிறது. ஆறு கால்மேல் நிற்கும் அறை அவ்வாறு விரைந்து ஓட இயலாது. ஆகவே பொறி அறையின் முன்பக்கத்தை மெல்ல உயர்த்துகிறது. புவியீர்ப்பு நம் முதுகை இருக்கையில் அழுத்துகிறது. கண்முன் உள்ள காட்சியிலோ தொடுவானம் மட்டமாகவே நிற்கிறது. கண் கூறுவதையும் முதுகு கூறுவதையும் சேர்த்து, நாம் விரைகிறோம் என்று மூளை முடிவு செய்கிறது. பாவனை என்னும் சொல் இங்கு மிகப் பொருந்துகிறது. பாவிக்கும் உள்ளம் இன்றி அப்பொறி வேலை செய்யாது.

சிறியதும் பெரியதும்

நான் ஓட்டிப் பழகிய செஸ்னா 172 வகை வானூர்தி முழுச் சுமையுடன் ஏறத்தாழ 1,100 கிலோ எடையுள்ளது. போயிங் 737-800 விமானம் கிளம்பும்போது 79,000 கிலோ வரை எடை கொள்ளும். செஸ்னா மணிக்கு ஏறத்தாழ 65 கடல்மைல் வேகத்தில் ஓடுதளத்தை அணுகும். 737 ஏறத்தாழ 140 கடல்மைல் வேகத்தில் அணுகும். வேகம் இரு மடங்குதானே என்று எண்ணிவிடலாகாது. இயக்க ஆற்றல் எடையோடு ஒரு முறையும் வேகத்தோடு இரு முறையும் பெருகுவது. இறங்கும்போது 60 டன் எடையுள்ள 737 சுமந்து வரும் ஆற்றல், என் சிறு வானூர்தியின் ஆற்றலைப்போல் ஏறத்தாழ 250 மடங்காகும்.

நம்மூர் மலைச்சாலை வளைவுகளில் மோட்டார் சைக்கிளில் இறங்குபவர் வளைவைக் கண்ட பின் பிரேக்கைத் தொட்டால் போதும். டுரியான் ஏற்றிய லாரியின் ஓட்டுநர் வளைவு கண்ணுக்குத் தெரியும் முன்பே வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும். பெரிய விமானத்தை ஓட்டுபவரும் அவ்வாறே. ஆயிரம் அடி இறங்கச் சுமார் மூன்று கடல்மைல் தொலைவு வேண்டும் என்பது விமானிகள் மனத்தில் வைத்திருக்கும் கணக்கு. தெற்கேயிருந்து 35,000 அடி உயரத்தில் வரும் விமானம் பாயான் லெப்பாசில் இறங்க வேண்டுமானால், 105 கடல்மைல், அதாவது 194 கிலோமீட்டர் முன்னதாகவே இறக்கத்தைத் தொடங்க வேண்டும். ஈப்போவுக்கு வெகு தொலைவு முன்னரே விமானி நம் தீவை நினைத்துவிட வேண்டும் என்பது இதன் பொருள்.

இன்னொரு கணக்கும் உண்டு. வழக்கமான மூன்று பாகைச் சரிவில் இறங்கும்போது, தரை வேகத்தை ஐந்தால் பெருக்கினால் நிமிடத்திற்கு எத்தனை அடி இறங்க வேண்டும் என்பது கிடைக்கும். 65ஐ ஐந்தால் பெருக்கினால் 325. 140ஐ ஐந்தால் பெருக்கினால் 700. என் கை 325இல் பழகியது. இப்போது 700ஐக் கற்க வேண்டும். மிகுதியாக இறங்கிவிட்டேன் என்று உணர்ந்து எஞ்சினுக்கு விசை கொடுத்தாலும், தாரை எஞ்சின் முழு வேகம் பெறச் சில வினாடிகள் ஆகும். அச்சில வினாடிகளுக்கு முன்னரே முடிவெடுத்திருக்க வேண்டும். என் ஆயத்தத்தின் பெரும்பகுதி இவ்வாறு முன்னதாக எண்ணும் பழக்கத்தை உண்டாக்கிக்கொள்வதே.

இரு பக்கக் குறிப்பேடு

இதற்கென ஒரு குறிப்பேடு வைத்தேன். இடப்பக்கத்தில் தமிழ், வலப்பக்கத்தில் ஆங்கிலம். ஒரு கருத்தை என் சொந்தச் சொற்களில் தமிழில் விளக்கி எழுத முடிந்த பின்னரே, அதற்குரிய ஆங்கிலக் கட்டளையை வலப்பக்கத்தில் எழுத எனக்கு நானே அனுமதி கொடுத்தேன்.

இம்முறை என் அறியாமையை உடனே காட்டிக்கொடுத்தது. எடுத்துக்காட்டாக, ‘ஸ்டால்’ என்னும் சொல். கார் ஓட்டிப் பழகியவருக்கு அச்சொல் எஞ்சின் நின்றுபோவதையே நினைவூட்டும். விமானத்தில் அதற்கு எஞ்சினோடு நேரடித் தொடர்பு இல்லை. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஓர் எல்லையைக் கடக்கும்போது, இறக்கையின் மேல் ஒட்டி ஓடிய காற்று பிரிந்துவிடுகிறது. விமானத்தைத் தாங்கும் தூக்குவிசை சரிகிறது. எஞ்சின் முழு விசையில் முழங்கிக்கொண்டிருக்கும்போதும் இது நிகழலாம். எத்தனையோ முறை தேர்வில் சரியாக விடை எழுதிய நான், இடப்பக்கத்தில் ‘தூக்கிழப்பு’ என்று எழுதிய அன்றுதான் அதனை முழுமையாக உணர்ந்தேன். தூக்கு என்னும் சொல்லே நோய் எங்குள்ளது என்பதைக் காட்டிவிடுகிறது. மருந்தையும் அதுவே கூறுகிறது. மூக்கைத் தாழ்த்திக் கோணத்தைக் குறைத்தால் தூக்கு மீளும்.

2009 ஜூன் 1ஆம் நாள் ஏர் பிரான்ஸ் 447 விமானம் அட்லாண்டிக் கடலில் வீழ்ந்து 228 பேர் மாண்டனர். எஞ்சின்கள் இயங்கிக்கொண்டிருந்தன, இறக்கைகள் தூக்கை இழந்திருந்தன, மூன்று விமானிகள் இருந்தும் அந்நிலை உணரப்படவில்லை. சொல் மாறியிருந்தால் அவர்கள் பிழைத்திருப்பர் என்று நான் கூறவரவில்லை. அத்தகைய நேரத்தில் பெயர் மட்டும் தெரிந்திருப்பது போதாது, பொருள் உடலில் ஊறியிருக்க வேண்டும் என்பதே நான் கூற வருவது.

‘ஆல்டிடியூட்’, ‘ஆட்டிடியூட்’ என்னும் இரண்டும் தொடக்க மாணவரைத் தடுமாற வைப்பவை. ஒன்று உயரம், மற்றொன்று தொடுவானத்தை ஒட்டி விமானம் நிற்கும் சாய்வு. தமிழில் இவ்விரண்டும் ஒலியாலும் பொருளாலும் விலகியே நிற்கின்றன. ‘கோ அரவுண்ட்’ என்பதை, இறங்குவதைக் கைவிட்டு மீண்டும் மேலெழுதல் என்று விரித்து எழுதி, பின்னர் ‘மீண்டெழுதல்’ என்று சுருக்கிக்கொண்டேன். தோல்வி என்று எண்ணி நான் கூசிய ஒரு செயல், அப்பெயரால் நல்ல முடிவாக என் மனத்தில் இடம் பெற்றது.

எல்லாவற்றுக்கும் புதுச்சொல் படைக்க முயன்றேன் என்று எண்ண வேண்டா. ஒரு எஞ்சின் நின்றுவிட்டால் விமானத்தை நேராகச் செலுத்தக் காலால் மிதிக்கும் பகுதிக்குச் சுக்கான் என்றே எழுதினேன். அது கப்பல் தந்த சொல். கடல்வணிகத்தின் வழியே அரபு மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. பினாங்குத் துறைமுகத்தின் மக்களுக்கு அதைக் கடன் என்று கருத என்ன இருக்கிறது? எஞ்சின், பிரேக் ஆகியவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டேன். விளங்கிக்கொள்ள உதவும் சொல்லையே தேடினேன், தூய்மைக்காகத் தேடவில்லை.

கண்ணும் வாயும்

விமானத்தின் முன்னறையைக் காட்டும் பெரிய படத்தை வீட்டு அலமாரிக் கதவில் ஒட்டி, அதன்முன் நாற்காலி இட்டு அமர்ந்து பயில்கிறேன். சரிபார்ப்புப் பட்டியலை ஒருவர் வாசிக்க, மற்றவர் அவ்விசையைப் பார்த்து, தொட்டு, விடை கூறுவது முறை. என் துணைவியார் வாசிப்பார்; நான் விடை கூறுவேன். இரண்டாம் வாரத்தில் எனக்குப் பட்டியல் மனப்பாடமாகிவிட்டது. பெருமையோடு விரைந்து விடை கூறிக்கொண்டிருந்தேன். அவர் தாளைத் தாழ்த்திவிட்டு, “என்னங்க, கண்ணு அங்கே போகவே இல்லை, வாய் மட்டும் சொல்லுதே” என்றார்.

அவர் விமானத்தின் முன்னறையைக் கண்டவரல்லர். எனினும் பட்டியல் ஏன் பிறந்தது என்பதை அறிந்தவர்போல் பேசினார். 1935 அக்டோபர் 30ஆம் நாள், அமெரிக்காவின் ரைட் ஃபீல்டு தளத்தில் போயிங் மாடல் 299 என்னும் புதிய குண்டுவீச்சு விமானம் மேலெழுந்தவுடன் விழுந்து எரிந்தது. தேர்ந்த விமானிகளே அதனைச் செலுத்தினர். தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாதபடி வால்பகுதியைப் பூட்டிவைக்கும் பூட்டு விடுவிக்கப்படவில்லை. அது ஒன்றே காரணம். அவ்விபத்துக்குப் பின் எழுத்து வடிவச் சரிபார்ப்புப் பட்டியல் வழக்கத்திற்கு வந்தது. நினைவாற்றலை நம்பாதே என்பதற்காகத் தோன்றிய பட்டியலையே நான் மனப்பாடம் செய்து பெருமை கொண்டிருந்தேன். அன்று முதல் விரலால் படத்தைத் தொட்ட பின்னரே வாய் திறக்கிறேன்.

ஒரு சொல்லும் நான்கு உயிர்களும்

இத்தவற்றை நான் முன்பும் செய்திருக்கிறேன். பயிற்சிக் காலத்தில் ஒரு நாள், கட்டுப்பாட்டு அதிகாரி 1,500 அடியில் பறக்குமாறு பணித்தார். நாள்தோறும் 2,500 அடி என்றே கேட்டுப் பழகிய நான், 2,500 என்று திருப்பிக் கூறினேன். அவர் உடனே திருத்தினார். கேட்டதைத் திருப்பிக் கூறும் விதி இருந்ததால் என் செவியின் பிழை வெளிப்பட்டது. வெறுமனே ‘சரி’ என்று கூறியிருந்தால் பிழை என்னோடு பறந்திருக்கும்.

அப்படிப் பறந்த பிழை ஒன்றை நம் நாடு அறியும். 1989 பிப்ரவரி 19ஆம் நாள், ஃபிளையிங் டைகர் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம் சிங்கப்பூரிலிருந்து சுபாங் வானூர்தி நிலையத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. 2,400 அடிக்கு இறங்குமாறு கட்டுப்பாட்டு நிலையம் பணித்தது. சொல்லப்பட்ட விதம் ‘டிசென்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ’ என்பது. ஆங்கிலத்தில் ‘டூ’ என்பது இரண்டு என்னும் எண்ணுமாகும். ‘க்கு’ என்னும் வேற்றுமை உருபின் வேலையைச் செய்யும் சொல்லுமாகும். விமானி அதனை உருபாகக் கொண்டு, 400 அடிக்கு இறங்கச் சொல்வதாக எண்ணி, ‘ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ’ என்று விடையளித்தார். அவ்விடையும் திருத்தப்படவில்லை. விமானம் பூச்சோங் அருகே, கடல்மட்டத்திலிருந்து 437 அடி உயரத்தில் மலைச்சரிவில் மோதியது. உள்ளே இருந்த நால்வரும் மாண்டனர். தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவியின் குரலுக்கும் அவர்கள் செவிசாய்க்கவில்லை. ஆகவே காரணம் ஒரு சொல் மட்டும் அன்று. எனினும் பிழையின் வாயில் அச்சொல்லே.

இலக்கணம் பயிலும் மாணவர்களே, நான்காம் வேற்றுமை உருபும் எண்ணுப்பெயரும் ஒரே ஒலியாய் நின்றதால் நேர்ந்த பிழை இது. ‘இரண்டாயிரத்து நானூறு அடிக்கு’ என்னும்போது தமிழில் இக்குழப்பம் நேராது. ஆனால் இதனைக் கொண்டு தமிழே வானத்திற்கு ஏற்ற மொழி என்று முடிவு கட்டவேண்டா. இரைச்சலிடும் வானொலியில் அறுபதும் எழுபதும் ஒன்றுபோல் கேட்கும். இருநூறும் அறுநூறும் அவ்வாறே. எம்மொழியிலும் இப்பள்ளங்கள் உண்டு. இதனை உணர்ந்தே விமானத்துறை ஆங்கிலத்தையும் அப்படியே ஏற்காமல் திருத்திக்கொண்டது. அங்கே மூன்று ‘ட்ரீ’ என்றும், ஐந்து ‘ஃபைஃப்’ என்றும், ஒன்பது ‘நைனர்’ என்றும் ஒலிக்கும். 1977 மார்ச் 27இல் டெனரீஃப் தீவின் ஓடுதளத்தில் இரு 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்த பின்னர், ‘டேக் ஆஃப்’ என்னும் தொடர் மேலெழ அனுமதி வழங்கும்போதும் அதனை நீக்கும்போதும் மட்டுமே பயன்பட வேண்டும் என்று வரையறுத்தனர். பன்னாட்டு விமானிகளும் கட்டுப்பாட்டு அதிகாரிகளும் ஆறு படிகளுள் நான்காம் படி அளவிலேனும் ஆங்கிலத் திறன் பெற்றிருக்க வேண்டும் என்ற விதி 2008 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது.

தமிழின் இடம்

இவ்வுரைக்கு நான் ஆயத்தமாவதை அறிந்த நண்பர்களுள் ஒருவர், “விமானத்தில் தமிழுக்கு என்ன வேலை?” என்றார். மற்றொருவர், “வானொலியிலும் தமிழ் ஒலிக்கும் நாள் வரவேண்டும்” என்றார். இருவர்க்கும் என் விடை ஒன்றே.

ஒரே வானத்தில் பறப்போர் அனைவரும் ஒருவர் பேசுவதை மற்றவர் விளங்கிக்கொள்வது உயிர்காப்பு. அங்கே என் மொழிப்பற்றுக்கு இடமில்லை. பாவனைப் பொறியில் தீ எச்சரிக்கை ஒலிக்கும்போது, தமிழில் எண்ணி ஆங்கிலத்தில் பெயர்க்க எனக்கு நேரமும் இராது. ஆகவே முதல் நான்கு வாரங்கள் இடப்பக்கத்தில் உழைத்தேன்; இறுதி இரண்டு வாரங்களுக்கு வலப்பக்கம் மட்டுமே. கட்டளைகளையும் விடைகளையும் ஆங்கிலத்தில், அதே சொல்லில், அதே வரிசையில் சொல்லிப் பழகுகிறேன்.

ஆனால் இடப்பக்கம் இல்லாமல் வலப்பக்கம் எழுதியிருப்பேனாயின், பொருள் அறியாத ஒலிகளையே சுமந்து சென்றிருப்பேன். கற்பதற்கும் ஐயுறுவதற்கும் தனக்குத்தானே விளக்கிக்கொள்வதற்கும் தாய்மொழி வேண்டும். நம் பள்ளிகளில் அறிவியலை ஆங்கிலத்திலோ மலாயிலோ படிக்கும் தமிழ்ப்பிள்ளை, விடையைச் சரியாக எழுதிவிட்டு, பொருளைத் தொடாமலே தேர்ச்சி பெற்றுவிடுகிறது. நான் பெற்றதும் அத்தகைய தேர்ச்சியே. அது தேர்வறையில் தீங்கு செய்யாது, பிறிதோரிடத்தில் செய்யும்.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவரிடம் இரு பக்கக் குறிப்பேடு ஒன்றைத் தொடங்கச் சொல்லுங்கள். மருத்துவமோ மின்னியலோ வானோட்டமோ, எதைக் கற்றாலும், இடப்பக்கத்தில் தன் சொற்களில் தமிழில் விளக்கட்டும். கலைச்சொல் கிடைக்காவிட்டால் நான்கு எளிய சொற்களில் எழுதட்டும். எழுத இயலாத இடமே அப்பிள்ளைக்கு விளங்காத இடம். அதைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய கருவி எனக்குத் தெரியவில்லை.

அடுத்த மாதம் அப்பொறியில் நான் செம்மையாக இறங்குவேனா என்று கேட்பீர்கள். அறியேன். முதல் முயற்சியில் மீண்டெழ நேரிட்டாலும் கூச மாட்டேன். பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் கண் சென்ற பின்னரே வாய் பேசும் என்ற உறுதி மட்டும் எனக்கு உண்டு.